வெள்ளவத்தையில் திங்கட்கிழமைக் காலை: இடியப்பம், தேத்தண்ணி, ரன்னிங் பேக் விவாதம்

கொழும்பில் அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்க ஒழுங்கான இடம் எது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கும் இடியப்பக் கடை. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணை கேட்டுக்கொண்டார். இருப்பது ஆறு மேசை, ஏற்கெனவே நெருக்கம். புகையிரத நிலையப் பக்கம் போய், விடியற்காலையில் எந்தக் கடைக்குள்ளிருந்து ஆட்கள் சத்தமாக வாதாடுவது கேட்கிறதோ அதற்குள் நுழைந்தால் சரி.

பெரிய ரீவி வைத்த கடைகள் கொழும்பில் நிறைய உண்டு. இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ரீவி அல்ல, அதற்கு முன்னால் நடக்கும் பேச்சு. நவீன காலத்தின் மிகச் சிறந்த ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கி எதிரணிக்குள்ளால் ஓடுகிறவர், யார் என்ற கேள்வியை இவ்வளவு அக்கறையோடும் இவ்வளவு நேர்மையோடும் கதைக்கிற வேறொரு கூட்டத்தை நான் இந்த ஊரில் கண்டதில்லை.

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஞாயிறு இரவு ஆட்டம் எங்களுக்குத் திங்கள் காலை 5.50க்குத் தொடங்கும். நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியதும் அது 6.50 ஆகிவிடும். ஆட்டம் மூன்று மணித்தியாலம் ஓடும். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் பாதி ஆட்டத்தோடு எழும்பிவிடுவார்கள். பருவத்தின் இறுதி ஆட்டமான சுப்பர் போல் என்றால் காலை 5 மணி. பருவம் முடிந்த பிறகும் அண்ணை கடையைச் சும்மா விடுவதில்லை. ஞாயிறு பின்னேரங்களில் பழைய ஆட்டங்களைப் போடுவார். விவாதம் உண்மையில் சூடாவது அந்தப் பின்னேரங்களில்தான், ஏனென்றால் அப்போது ஒருவருக்கும் அவசரமில்லை.

சாப்பாடு நல்லது. சிவப்பரிசிமா இடியப்பம், தேங்காய்ச் சம்பல், பருப்பு, பால் சொதி. சொதிக்கு வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகவே போடுவார்கள். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகுதான் தேசிக்காய் விடுவார்கள். பால் திரையாமல், புளிப்பும் கெடாமல் வருவது அதனால்தான். இடைவேளைக்குச் சரியாக மட்டன் ரோல்ஸும் மீன் பற்றிஸும் தாச்சியிலிருந்து நேரே மேசைக்கு வரும். இஞ்சித் தேத்தண்ணிக்குச் சீனி வேறாகத் தருவார்கள். விலை வெள்ளவத்தையில் வழக்கமான விலைதான், ஆட்டம் பார்ப்பதற்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை.

காசுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கரும்பலகை தொங்குகிறது. மற்றக் கடைகளில் அன்றைய கறி எழுதியிருக்கும் இடத்தில் இங்கே ரன்னிங் பேக்குகளின் பெயர்கள், மேலிருந்து கீழாக. பலகை 1978இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில்தான் பருவத்துக்கு 16 ஆட்டம் என்று வந்தது, பந்தை எறிந்து ஆடுவதற்கு வசதியாக விதிகளும் மாறின. ஆகவே ஜிம் பிரவுன் பலகையில் இல்லை. அவர் 1965 பருவத்தோடேயே விலகிவிட்டார். ஓட்டத்துக்குச் சராசரி 5.2 யார் (மூன்று அடி ஒரு யார்) என்ற அவருடைய கணக்கை மறுக்க ஒருவரும் வருவதில்லை. அவரை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றிக் கதைப்போம் என்பதுதான் ஏற்பாடு. வோல்டர் பேட்டன் 1975இல் தொடங்கினாலும் 1987 வரை ஆடியதால் அவருக்கு இடம் உண்டு.

விவாதத்துக்கு அண்ணை வைத்திருக்கும் விதி ஒன்று: எண்ணை மட்டும் சொல்லி ஒரு வீரருக்காக வாதாட முடியாது, ஓர் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். “கணக்குச் சரி தம்பி, ஓட்டத்தைச் சொல்லும்” என்பார். நீங்கள் சொன்னதும் அதைத் தேடி ரீவியில் போடுவார், வேண்டிய இடத்தில் நிறுத்துவார், பந்து கைக்கு வரும் நேரத்தில் வழி திறந்து கொடுக்க முன்னால் நிற்கும் ஐந்து பேரும் என்ன செய்கிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். சாதனைப் பட்டியலை எவரும் வாசிக்கலாம். வழி திறந்து கிடந்ததா, அல்லது அவரே வழியை உண்டாக்கினாரா என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

எங்களைப் போலப் பள்ளிக்கூடத்தில் றக்பி ஆடியவர்களுக்கு இது முதலில் புரியாது. றக்பியில் பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் நின்று எதிரியை மறித்தால் தண்டனை. இங்கே அதுதான் ஆட்டமே. நான்கு முயற்சிக்குள் 10 யார் முன்னேற வேண்டும். அதற்காக ஐந்து பெரிய மனிதர்கள் எதிரணியைத் தள்ளி ஒரு சந்து திறந்து கொடுப்பார்கள், ரன்னிங் பேக் அதற்குள்ளால் பாய்வார். நான் விங்கில் ஆடியவன். எனக்குப் பந்து வரும்போது முன்னால் என் அணியைச் சேர்ந்த ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனாலோ என்னவோ, ரன்னிங் பேக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: சந்து திறக்காத நேரத்தில் இந்த ஆள் என்ன செய்தார்?

கடைக்கார அண்ணையின் ஆள் எமிட் ஸ்மித். அண்ணை பல வருடம் டல்லஸில் வேலை செய்துவிட்டு வந்தவர், அந்த ஊர் அணியான கவ்போய்ஸில் பைத்தியம். ஸ்மித்தின் 18,355 யாரை இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை. ஓடிப் போட்ட டச் டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது) 164, சுப்பர் போல் மூன்று. ஆனால் அண்ணை இந்த எண்களைப் பெரிதாகச் சொல்லமாட்டார். அவர் போடும் ஆட்டம் 1994 ஜனவரி 2ஆம் திகதி நியூயோர்க் ஜயன்ட்ஸுடன் நடந்தது. முதல் பாதியில் நீண்ட ஓட்டமொன்றின் முடிவில் ஸ்மித் விழுகிறார், வலது தோள் மூட்டு விலகுகிறது. அதற்குப் பிறகும் அவர் வெளியே போகவில்லை. அன்று முழுவதும் 32 தடவை பந்தோடு ஓடி 168 யார், 10 தடவை பந்தைப் பிடித்து இன்னுமொரு 61 யார். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போய் 16க்கு 13 என்று டல்லஸ் வென்றது. அந்த மேலதிக நேரத்தில் ஸ்மித் ஒவ்வொரு தடவையும் எப்படி எழும்புகிறார் என்று பார்க்கச் சொல்வார் அண்ணை. தோள் நோவோடு ஒரு மனிதன் எழும்பும் விதத்தைப் பார்த்தால், ஓடிய தூரத்தைக் கேட்கத் தோன்றாது.

ஸ்மித்துக்கு எதிராக எல்லோரும் சொல்லும் வாதம், அவருக்கு முன்னால் நின்ற வரிசை அந்தக் காலத்தின் மிகப் பலமான வரிசை என்பது. நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ், மார்க் டுயினேய், பிறகு லரி அலன். அவர்களுக்குப் பின்னால் யார் ஓடினாலும் ஓடியிருப்பார்கள் என்று நாங்கள் சொன்னால் அண்ணையிடம் பதில் தயாராக இருக்கும், அது வலுவான பதில். 1993இல் சம்பளப் பிரச்சினையால் ஸ்மித் முதல் இரண்டு ஆட்டமும் ஆடவில்லை. அதே வரிசை, புது ஆள் ஒருவர் ஓடினார், டல்லஸ் இரண்டிலும் தோற்றது. ஸ்மித் திரும்பி வந்தார். மீதி 14 ஆட்டத்திலேயே 1,486 யார் ஓடி லீகில் முதலிடம், அந்த ஆண்டின் மிகப் பெறுமதியான வீரர் விருது, கடைசியில் சுப்பர் போலும். முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்ற அணி ஒன்று சுப்பர் போல் வென்றது அதுவே முதல் தடவை.

இதற்கு இலகுவாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதை காட்டுவது ஸ்மித் ஒரு புதியவரைவிட எவ்வளவோ மேல் என்பதை மட்டும்தான். பரி சாண்டர்ஸைவிட மேல் என்பதை அது காட்டவில்லை.

என் கட்சி பரி சாண்டர்ஸ், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. டெட்ரொயிட் லயன்ஸுக்காக 1989 தொடக்கம் 1998 வரை பத்துப் பருவம், பத்திலும் ஆயிரம் யாருக்கு மேல். மொத்தம் 15,269, ஓட்டத்துக்கு 5 யார். எனக்கு மிகப் பிடித்தது 1997. முதல் இரண்டு ஆட்டமும் சேர்த்து 53 யார்தான் ஓடினார். இவர் கதை முடிந்தது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கலாம். அடுத்த 14 ஆட்டத்திலும் ஒன்று விடாமல் 100 யாரைத் தாண்டினார், பருவத்தை 2,053இல் முடித்தார். ஒக்டோபர் 12ஆம் திகதி டம்பாவில் ஒரே ஆட்டத்தில் 80 யாரில் ஒன்று, 82 யாரில் ஒன்று என்று இரண்டு டச் டவுன் ஓட்டம்.

அந்த ஆளின் காலைப் பாருங்கள். உயரம் 5 அடி 8 அங்குலம், இடுப்பைத் தாழ்த்திக் கால்களை அகட்டி வைத்து ஓடுவார். முழு வேகத்தில் வந்து ஒரே எட்டில் நிற்பார், நின்ற இடத்திலிருந்து மறு பக்கம் பாய்வார். பிடிக்க வந்தவன் ஏற்கெனவே பாய்ந்துவிட்டான், திரும்ப முடியாது. றக்பியில் நாங்கள் சைட் ஸ்டெப் என்று பழகியது ஒரு பக்கம் போவது போலக் காட்டி மறு பக்கம் போவதைத்தான். சாண்டர்ஸ் அதை மூன்று பேர் சுற்றி நிற்கும்போது, ஒரு மேசையளவு இடத்தில், அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை செய்வார். அண்ணை படத்தை நிறுத்தும்போது திறந்த சந்து எதுவும் திரையில் இருக்காது. ஓடவிட்டால் சாண்டர்ஸ் வெளியே வந்திருப்பார். டச் டவுன் போட்டதும் ஆடுவதில்லை, கத்துவதில்லை. பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். 1999இல், பேட்டனின் அப்போதைய சாதனைக்கு 1,457 யார்தான் மீதி இருக்கும்போது, தன் ஊரான விச்சிற்றாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபக்ஸ் அனுப்பி ஓய்வை அறிவித்தார்.

எதிர்க்கட்சியிடமும் ஆயுதம் உண்டு. 1994 பருவத்தின் பிளேஓஃப் (தோற்றால் வெளியேறும் இறுதிச் சுற்றுகள்) ஆட்டத்தில் கிரீன் பே பக்கர்ஸ் அவரை 13 ஓட்டத்தில் ஒரு யார் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆம், மொத்தம் சைபருக்கும் கீழே. இல்லாத சந்தைத் தேடிப் பின்னால் ஓடிப் பல தடவை இருந்த தூரத்தையும் இழந்தார். பத்து வருடத்தில் லயன்ஸ் வென்ற பிளேஓஃப் ஆட்டம் ஒன்றே ஒன்று, அது அண்ணையின் டல்லஸைத்தான் 38க்கு 6 என்று வென்றது. இந்த ஸ்கோரை நான் ஒவ்வொரு வாரமும் சொல்வேன்.

கணக்கு என்று வந்தால், ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஸ்மித் 4,409 தடவை ஓடினார், சாண்டர்ஸ் 3,062 தடவை. வித்தியாசம் 1,347 ஓட்டம். ஓடிய தூரத்தில் வித்தியாசம் 3,086 யார். அப்படியென்றால் ஸ்மித் கூடுதலாக ஓடிய ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கிடைத்தது ஏறத்தாழ 2.3 யார்தான் என்று சாக்கட்டியால் பலகையின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். அண்ணை அதை அழிக்கவில்லை. “4,409 தரம் அடி வாங்கி எழும்பினதுக்கு உம்மட கணக்கில என்ன மதிப்பு பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். அதுவும் சரியான கேள்விதான்.

அந்த வகையில் பார்த்தால் வோல்டர் பேட்டன்தான் முதல் என்பார் ஓய்வுபெற்ற கணக்காளர் அங்கிள் ஒருவர். சிக்காகோ பெயர்ஸில் 13 பருவம், ஆடாமல் விட்டது ஒரே ஓர் ஆட்டம். 16,726 யார். 1977இல் காய்ச்சலோடு இறங்கி மினசோட்டாவுக்கு எதிராக 275 யார் ஓடினார். பலகை தொடங்குவதற்கு ஒரு வருடம் முந்தியது என்று நாங்கள் அந்த ஆட்டத்தைச் சேர்க்க மறுத்தாலும் அங்கிள் விடுவதில்லை. பேட்டன் 1999இல் நாற்பதுகளின் நடுவிலேயே இறந்துபோனார் என்பதைச் சொல்லும்போது அங்கிளின் குரல் தழுதழுக்கும். அடிக்க வந்தவனைத் தானே முந்தி அடித்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்காமல் ஓடிய மனிதர் அவர். என் பட்டியலில் பேட்டன் இரண்டாவது, ஸ்மித் மூன்றாவது.

தங்கச்சியின் ஆள் மார்ஷல் ஃபோக். ஓடுவது மட்டும் ரன்னிங் பேக்கின் வேலை இல்லை என்பது அவளுடைய வாதம். 1999இல் ஃபோக் ஓடி 1,381 யார், பந்து பிடித்து 1,048 யார். அதற்கு முன் ஒரே பருவத்தில் இரண்டிலும் ஆயிரத்தைத் தாண்டியவர் ரொஜர் கிரெய்க் ஒருவர்தான், பிறகு 2019இல் கிறிஸ்டியன் மக்கஃப்ரி. நவீன ஆட்டம் இந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே பருவம் என்று எடுத்தால் 2006இல் லடேனியன் டொம்லின்சனின் 31 டச் டவுன், முழங்கால் தசைநார் அறுந்த அடுத்த பருவத்தில், 2012இல், ஏட்ரியன் பீற்றர்சன் ஓடிய 2,097 என்று பேச்சு நீளும். எரிக் டிக்கர்சனின் 2,105 சாதனை 1984இலிருந்து அப்படியே நிற்கிறது, பீற்றர்சன் அதற்கு 8 யார் கிட்டப் போய் நின்றுவிட்டார்.

இளம் பெடியன்கள் எல்லோரும் சேக்வோன் பார்க்லி பக்கம். 2024இல் ஃபிலடெல்ஃபியாவுக்காக 16 ஆட்டத்தில் 2,005 யார் ஓடினார். 17ஆவதும் கடைசியுமான ஆட்டத்தில் இன்னும் 101 ஓடியிருந்தால் டிக்கர்சனைத் தாண்டியிருக்கலாம். பயிற்சியாளர் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார், அதுவும் அவருடைய பழைய அணியான ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில். அந்த முடிவு சரியா பிழையா என்ற வாதம் கடையில் இன்னும் ஓயவில்லை. சரி என்றுதான் நான் சொல்வேன். பிளேஓஃபையும் சேர்த்து 2,504 யார் ஓடி டெரல் டேவிஸின் 2,476ஐ முந்தினார், தன் 28ஆவது பிறந்த நாளில் சுப்பர் போலும் வென்றார். ஜக்சன்வில்லுக்கு எதிராகத் திரும்பி நின்றபடியே, முதுகுப் பக்கமாகத் துள்ளி ஒருவரின் தலைக்கு மேலால் பாய்ந்தாரே, அதைப் போடும் போதெல்லாம் சமையலறையிலிருந்து அக்காவும் வந்து பார்ப்பார். ஆனாலும் நல்ல பருவம் ஒன்றை வைத்துப் பலகையின் உச்சிக்குப் போக முடியாது.

குறைகளும் உண்டு. மூலை மேசையில் இருந்தால் தூண் மறைத்துப் பாதித் திரைதான் தெரியும், அதைத் தவிர்த்துவிடுங்கள். கரையோரப் பாதையில் புகையிரதம் போகும்போது வர்ணனை கேட்காது. இணையம் ஒரு நிமிடத்துக்குக் கிட்டப் பிந்தி வருவதால், ரொறன்ரோவில் இருக்கும் மச்சான்மார் அனுப்பும் செய்தி டச் டவுனை முந்திவிடும். அதனால் ஆட்டம் முடியும்வரை எல்லோரும் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது கடைச் சட்டம். நல்ல சட்டம்தான். வாகனம் நிறுத்த இடமில்லை. 100 அல்லது 101 பஸ்ஸில் வந்து காலி வீதியில் இறங்கி நடப்பதுதான் வசதி.

எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை பலகையைப் பற்றியது. தேர்மன் தோமஸின் பெயர் அதில் இல்லை. 1989 தொடக்கம் 1992 வரை நான்கு வருடம் தொடர்ந்து, ஓடியதும் பிடித்ததும் சேர்ந்த மொத்த யாரில் லீகில் முதலிடம் வகித்தவர், 1991இன் மிகப் பெறுமதியான வீரர். ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பரி சாண்டர்ஸே அவருக்குப் பின்னால் காத்திருந்து ஆடியவர்தான். அவருடைய அணியான பஃபலோ நான்கு சுப்பர் போலும் தோற்றது என்பதற்காக அவரை விட்டுவிடுவது நியாயமில்லை. அண்ணையிடம் கேட்டால் “ஓட்டத்தைச் சொல்லும்” என்கிறார். பஃபலோவின் பழைய ஆட்டங்களைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறு பின்னேரம் கொண்டு போகிறேன். வருகிறவர்கள் நாலரைக்கு முன்னமே வந்து நடு மேசையில் இடம் பிடியுங்கள். பற்றிஸ் ஐந்து மணிக்கு முடிந்துவிடும்.